முறைப்படி வளர்த்த நாய்க்குட்டி

மனிதர்களில் முறைப்படிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அதைத் தேடி நீங்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கண்டிக் கடைத்தெருவில் ஏதாவதொரு கடையில் நின்று ஒரு பிளேன்டீ குடித்துப் பாருங்கள். குடித்து முடிப்பதற்குள் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். உங்கள் கோப்பைக்குள் எட்டிப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். "இஞ்சியத் தட்டிப் போட்டிருக்கான். நசுக்கிப் போடணும். அதுதான் முறை" என்பார். அவர்தான். தட்டுவதற்கும் நசுக்குவதற்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பஸ்ஸைத் தவறவிடுவீர்கள்.

அவருடைய அடையாளங்கள் சுலபமானவை. பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் இருக்கும் சாரதி பேராதனை வளைவில் எந்த கியர் போட்டிருக்க வேண்டும் என்பதை, வாகனமே ஓட்டத் தெரியாத உங்களிடம் விளக்குவார். கல்யாண வீட்டில் தன் இலையில் கிடக்கும் சோற்றை ஆறவிட்டு, பருப்புக்கு முன்னால் எது வந்திருக்க வேண்டும் என்பதைப் பரிமாறுகிற பையன்களுக்கு வகுப்பெடுப்பார். சாவு வீட்டில் பெட்டியைத் தூக்குகிறவர்களிடம், "தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்த்திப் புடிங்கப்பா" என்று கூடவே ஓடி வருவார். அந்த ஊர்வலத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாமல் போகிறவர் பெட்டிக்குள் இருக்கிறவர் ஒருவர்தான்.

கெட்டவரா? இல்லை. காசு கேட்டால் தருவார். ஆஸ்பத்திரிக்குக் கூட வருவார். வந்து, டொக்டருக்கு ஊசி எங்கே குத்துவது என்று சொல்வார்.

எங்கள் மஹியாவைப் பக்கத்தில் இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி ஒன்று இருக்கிறது. பெயர் அழகமுத்து. டவுனில் ஓர் ஆபீசில் கிளார்க். அவருடைய மனைவி பாலாம்பிகை ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு பேரும் ஹாஷிம் ஹாஜியார் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஹாஜியாரும் அவருடைய மனைவி ஜெஸீமாவும் கீழ்வீட்டில். மேலே போவதற்கு வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம், என் வெல்டிங் பட்டறை. கிரில் அடிப்பேன், கேட் அடிப்பேன். அழகமுத்து அடிக்கடி பட்டறைக்கு வந்து நின்று, கண்ணாடி போடாமல் வெல்டிங் நெருப்பைப் பார்க்கவே கூடாது என்று எனக்குச் சொல்வார். கண்ணாடி போடாமல் வெல்டிங் நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

இந்த வீட்டுக்குத்தான் ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் பாலாம்பிகை. ஒரே மகன் கத்தாருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அந்த மேல்மாடியில் அவருக்குப் பேச்சுத்துணை கிடையாது. அழகமுத்து பேசுவார்தான், ஆனால் அதைத் துணை என்று சொல்ல முடியாது. கலஹா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் பாலாம்பிகையின் தங்கை வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. பார்க்கப் போன மனுஷி மரக்கறிப் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கறுப்புக் குட்டி. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது தொங்கியும் இருந்தது. ஒரு முன்னங்காலில் மட்டும் வெள்ளை, பாலில் கால் வைத்ததுபோல. பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தாரோ இல்லையோ, அழகமுத்து வாயைத் திறந்தார்.

"மடியில வைக்காத. அது முறையில்ல."

"அப்ப எங்க வைக்கிறது, தலையிலயா?"

"இரு. நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

பார்ப்பது என்றால் குட்டியை அல்ல. போனை. முறைப்படிக்காரர்களுக்கு இந்தக் காலம் ஒரு பொற்காலம். முன்பெல்லாம் முறை தெரியாத விஷயங்களில் அவர்கள் சும்மா இருந்துதான் ஆக வேண்டும். இப்போது உலகத்தில் எந்த மூலையில் எவன் எதைச் செய்தாலும் அதை வீடியோ எடுத்துப் போட்டுவிடுகிறான். அழகமுத்து இரண்டு நாள் தலை நிமிரவில்லை. மூன்றாம் நாள் என் பட்டறைக்கு வந்தார்.

"அண்ணே, எனக்கு ஒரு கிரேட் வேணும்."

எனக்குத் தெரிந்த கிரேட் சோடாப் போத்தல் அடுக்குவது. "கடையில கேட்டா சும்மாவே தருவாங்களே" என்றேன்.

"அதில்லண்ணே. நாய்க்குட்டிக்கு. கம்பியில."

"ஓ, கூடா?"

"கூடுன்னு சொல்லாதீங்க. கூடு வேற. கூட்டுல அடைப்பாங்க. கிரேட்டுங்கிறது அதோட சொந்த வீடு. அதுவா ஆசைப்பட்டுப் போய்ப் படுக்கும்."

"தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம்."

"சொந்த வீட்டுக்கு எவன் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைப்பான்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனை நீட்டினார். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர். கல்யாண மண்டபம் மாதிரி ஒரு வீடு. வெண்ணெய் நிறத்தில் ஒரு நாய். அவர் ஒரு சொல் சொல்ல, அது கிரேட்டுக்குள் போய்ப் படுத்து, தலையை முன்னங்கால்மேல் வைத்து, வேறென்ன வேண்டும் சேர் என்பதுபோலப் பார்த்தது. என் வாழ்நாளில் என் பட்டறையில் வேலை செய்த ஒருவனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அளவும் அவரே சொன்னார். குட்டி எழும்பி நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், படுக்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலம் கூடாது. கூடினால் ஒரு மூலையைப் படுக்கைக்கும் மற்ற மூலையைக் கக்கூசுக்கும் வைத்துக்கொள்ளுமாம். எனக்கு விஷயம் உடனே பிடிபட்டது. கொழும்பில் வேலை செய்த காலத்தில் நான் வாடகைக்கு இருந்த அறையை இந்த முறை தெரிந்தவர்தான் கட்டியிருக்கிறார்.

அடித்துக் கொடுத்தேன். பச்சைப் பெயின்ட். உள்ளே ஒரு பழைய சாரத்தை மடித்துப் போட்டு, மேல்மாடி விறாந்தையில் வைத்தார்கள். அப்போதுதான் பாலாம்பிகை குறுக்கே நின்றார். சனிக்கிழமையும் அதுவுமாக, புது வீட்டுக்குள் ஓர் உயிரை யாராவது அனுப்புவார்களா? மறுநாள் வரைக்கும் பொறுத்து, காலையில் நல்ல நேரம் பார்த்து, கிரேட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கோலம் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து அவர் பால் பொங்கவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து பகல் சோற்றுப் பார்சல் கட்டி விற்கிற பேச்சியம்மா, புதுமனைக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு தேங்காயோடு வந்தார். குட்டி பாலைக் குடித்துவிட்டு, கோலத்தின் மேல் நடந்து உள்ளே போய்ப் படுத்தது.

"வீடியோவுல பால் பொங்க வைக்கலியே?" என்று கேட்டேன்.

"அது அவங்க நாட்டு முறைண்ணே" என்றார் அழகமுத்து, கொஞ்சமும் தயங்காமல்.

பிறகு எல்லாரையும் விறாந்தையில் நிற்கவைத்துச் சட்டத்தை வாசித்தார். குட்டிக்குப் பெயர் பிரின்ஸ். வேறு பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. உள்ளே போகச் சொல்வதற்கு 'இன்' என்று ஒரு சொல்தான். காலையில் வேலைக்குப் போகும்போது உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போடுவார்கள். நடுவில் பாலாம்பிகை கடையிலிருந்து ஓடி வந்து, திறந்து வெளியே விட்டு, சோறு வைத்து, மறுபடி அடைத்துவிட்டு ஓடுவார். இனி முக்கியமானது என்று சொல்லி, விரலை உயர்த்தினார்.

"அது அழும். அழுறப்ப மட்டும் ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது. போனீங்கன்னா, அழுதா ஆள் வரும்னு படிச்சுக்கும். அதோட முடிஞ்சிச்சு. அழுது ஓய்ஞ்ச பிறகுதான் பக்கத்துலயே போகணும். வெளங்கிச்சா?"

விளங்கிற்று. பேச்சியம்மா தலையாட்டினார். கீழ்ப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெஸீமாவும் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். முறைப்படிக்காரர்கள் பேசும்போது தலையாட்டுவது எங்கள் ரோட்டில் உள்ள முறை.

மறுநாள் காலையில் இருவரும் வேலைக்குப் போனார்கள். பஸ் மறைகிற வரைக்கும் குட்டி பொறுத்தது. அப்புறம் ஆரம்பித்தது. முதலில் மெல்லிய குரலில் ஒரு விசாரணை. யாருமில்லையா? அதற்குப் பதில் வராததால் கொஞ்சம் உரத்து ஒரு முறைப்பாடு. அதற்கும் பதில் இல்லை என்று தெரிந்ததும், கழுத்தை நீட்டி, வாயை மேலே தூக்கி, அந்தச் சின்ன உடம்புக்குள் எங்கே வைத்திருந்ததோ தெரியவில்லை, செத்த வீட்டில் தலைவிரித்து அழுகிறவர்கள் வெட்கப்படும்படி ஓர் ஒப்பாரி. கூரையில் இருந்த குரங்குகள் பலாக்காயை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன. என் வெல்டிங் இரைச்சலுக்கு மேலாக அது கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஹாஷிம் ஹாஜியார் மேலே போனார். டவுனில் கடை வைத்திருக்கிற மனிதர். பகல் தொழுகை முடிந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்துவிட்டுத்தான் மறுபடி கடைக்குப் போவார். நல்லவர். வாடகையைக்கூட மெதுவாகத்தான் கேட்பார். அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் கண் சிவந்திருந்தது.

"அழகமுத்து, நான் நாய் வேணான்டு செல்லல்ல. அதும் அல்லாஹ்ட படைப்புதான். கீழ எங்கட பக்கம் வராம மேல ஈந்தாச் சரி. ஆனா பகல் முழுக்க இப்பிடி அழுதா, நான் எப்பிடிக் கண்ண மூடுற?"

"ஹாஜியார், பழகிரும். முறைப்படி செஞ்சா ஒரு வாரத்துல..."

"சரி. அப்ப வார ஞாயித்துக்கெழம நான் மேல வாரேன். நீங்க அத உள்ள உட்டு அடைங்க. சத்தமில்லாம ஈந்தா, ஒங்கட புள்ள மாதிரி ஈக்கட்டும். கத்தினா, கலஹாவுக்கே அனுப்பிடுங்க. மனசுல ஒண்டும் வெச்சுக்கொள்ளப்படா."

உள்ளேயிருந்து பாலாம்பிகை சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்தார். ஹாஜியார் படியிறங்குகிற வரைக்கும் நின்றார். பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னது என் பட்டறை வரைக்கும் கேட்டது.

"கேட்டுக்கங்க. குட்டி போச்சுன்னா, உங்க முறையையும் அதே பையில போட்டு கலஹா பஸ்ல ஏத்தி விட்டுருவேன். நீங்க கூடப் போறதா இருந்தாலும் போகலாம்."

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் குட்டி வாயை மூடப் பழக வேண்டும். பழகாவிட்டால் போய்விடும். பாலாம்பிகையின் முகத்தைப் பார்த்ததும் எங்கள் ரோட்டில் எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது.

இனி எங்கள் ஆட்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒருவர் கட்டிலில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் எங்களால் வீட்டில் இருக்க முடியாது. கண்டிப் பெரியாஸ்பத்திரி வாசலில் பார்வையாளர் நேரத்தில் போய் நின்று பாருங்கள். படுத்திருக்கிறவரைக் கல்யாணத்தில் ஒரு தடவை தூரத்தில் பார்த்தவர்கூடப் பிஸ்கட் பக்கற்றோடு நிற்பார். வெறுங்கையோடு போவது கிடையாது. நோயாளிக்கு வயிற்று வலி என்றாலும் திராட்சை வாங்கிக்கொண்டுதான் போவோம். ஒருவர் மறியலில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தாலும் இதுதான். குற்றம் செய்தாரா இல்லையா என்பது பிறகு. முதலில் சோற்றுப் பார்சல்.

இப்படிப்பட்டவர்கள் மத்தியில், கம்பிக்குப் பின்னால் ஒரு பச்சைக் குழந்தையை வைத்துவிட்டு, 'கிட்டப் போகாதே' என்றால் நடக்குமா? அந்த வெள்ளைக்காரருக்குப் பக்கத்து வீடு இருந்ததாக வீடியோவில் காட்டவே இல்லை.

முதலில் போனவர் பேச்சியம்மா. ஒரு காலிச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் மாதிரி படியேறினார். வீட்டில் ஒருவரும் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். கிரேட்டுக்கு முன்னால் குந்தினார்.

"என்னா கருப்பா? என்னா செஞ்சேன்னு ஒன்னய உள்ள போட்டாங்க? ம்? அழாத. அழாத சாமி. வெளிய வந்திரலாம்." முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பொரித்த நெத்தலித் தலைகள். அழுகை நின்றது.

அவர் இறங்கிப் போய்க் கொஞ்ச நேரம் சென்றதும் மறுபடி ஒரு 'ஊம்' கேட்டது. மேலே கொடியில் காயப்போட்ட உடுப்பை எடுக்க ஜெஸீமா போனார். உடுப்பு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சால்வைக்குள்ளிருந்து அவர் எடுத்தது அடுப்படி இடுக்கி. சுடுசட்டி தூக்குகிற நீண்ட இடுக்கி. அதன் நுனியில் ஒரு ரஸ்க். எட்ட நின்று, கையை முழுக்க நீட்டி, கம்பிக்கு நடுவால் கொடுத்தார். நாய் எச்சில் மேலே படக்கூடாது என்பது அவர்கள் மார்க்கம். நாயைப் பட்டினி போட வேண்டும் என்று ஒரு மார்க்கத்திலும் இல்லை.

நான் போனது வேறு விஷயமாக. தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க. அடித்துக் கொடுத்தவனுக்கு அந்தப் பொறுப்பு உண்டு. தினமும் பார்த்தேன். பத்து மணித் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்ன வாங்கின பணிஸ் சில நேரம் கையோடு இருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

நான் பட்டறையைத் திறப்பதற்கு முன்னும், பின்பக்கம் சோறு சாப்பிடப் போகிற நேரத்திலும் யார் யார் போனார்கள் என்பது எனக்குத் தெரியாது. வார நடுவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: ரோட்டில் அழுகைச் சத்தம் இல்லை. எப்போதாவது ஓர் 'ஊம்'. உடனே படியில் ஒரு காலடி. அப்புறம் அமைதி.

அழகமுத்துவைப் பார்க்க வேண்டுமே! சட்டைக் கொலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நடந்தார்.

"பார்த்தீங்களாண்ணே? சத்தம் இருக்கா? நேத்து ஆபீசுல சொன்னேன், ஒருத்தனும் நம்பல. நாட்டு நாய்ண்ணே இது! கலஹா நாய்! அதையே முறைப்படி செஞ்சா இப்படி."

"குட்டி கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்கே?" என்றேன்.

"மன நிம்மதிண்ணே. சொந்த வீடு."

வீட்டு வெற்றி அவருக்குப் போதவில்லை. குட்ஷெட் பஸ் நிலையத்தில் கைக்குழந்தை ஒன்று வீரிட்டு அழ, தாய் அதை எடுத்துத் தோளில் போடப் போனாள். "தூக்காதம்மா. அழுது ஓயட்டும். அப்புறம் தூக்கு" என்றாராம் இவர். அந்தப் பெண் இவரைப் பார்த்த பார்வையில் வரிசையில் நின்ற எல்லாரும் ஓரடி விலகி நின்றார்களாம். இதையும் அவரே வந்து சந்தோஷமாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஹாஜியாருக்கு விறாந்தையில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். கிரேட்டுக்கு எட்டத்தில், மரியாதையான தூரத்தில். ஜெஸீமா சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு கதவோரம். பேச்சியம்மா தூணோரம். நான் படியில். பாலாம்பிகை தலைக்குக் குளித்து, விளக்கேற்றிவிட்டு வந்து நின்றார். அவருடைய கை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது. மகன் கத்தாருக்குப் பிளேன் ஏறின அன்றைக்கும் அவர் அப்படித்தான் திருகிக்கொண்டு நின்றார்.

அழகமுத்து கூட்டத் தலைவர் மாதிரி தொண்டையைச் செருமினார். நாய்களின் மனநிலை பற்றி ஒரு முன்னுரை சொன்னார். பிறகு, "பிரின்ஸ்... இன்!" என்றார்.

அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே குட்டி உள்ளே போயிருந்தது. வாலை ஆட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. அமைதி. ஹாஜியார் தாடியைத் தடவினார். அழகமுத்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் புன்னகைத்தார்.

குட்டியும் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

பேச்சியம்மாவைப் பார்த்தது. பேச்சியம்மா கூரையைப் பார்த்தார். ஜெஸீமாவைப் பார்த்தது. அவர் கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தது. நான் என் செருப்பைப் பார்த்தேன். அதற்குக் குழப்பம் வந்துவிட்டது. இத்தனை பேர் ஒன்றாக வந்திருக்கிறார்கள், ஒருவர்கூட எதையும் நீட்டவில்லையே! ஓர் 'ஊம்' சொல்லிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று. பிறகு கழுத்தை நீட்டி, வாயை மேலே தூக்கியது.

முதல் நாள் ஒப்பாரியெல்லாம் ஒத்திகைதான். இதுதான் உண்மையானது.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார் அழகமுத்து. "ஓய்ஞ்சிரும்! ஓயணும்! அதுதான் முறை!"

ஓயவில்லை. ஹாஜியாரின் முகம் சுருங்கியது. அவர் கதிரையின் கைப்பிடியில் கையை ஊன்றி எழும்பப் போனார். பாலாம்பிகையின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிவிட்டது. உள்ளே போய், கதவுக்குப் பின்னால் தொங்கின மரக்கறிப் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். குட்டி வந்த அதே பை.

அப்போதுதான் ஜெஸீமாவின் சால்வைக்குள்ளிருந்து இடுக்கி வெளியே வந்தது.

ரஸ்க் கம்பிக்கு உள்ளே போனது. அழுகை, யாரோ சுவிட்சை அணைத்ததுபோல நின்றது. கறுக் முறுக் என்று கடிக்கிற சத்தம் மட்டும்.

"என்னங்க இது?" என்றார் அழகமுத்து.

"இதப் பாத்துட்டு ஈக்க எனக்கு ஏலா" என்றார் ஜெஸீமா. "எங்க மேல அதுட எச்சி படப்படா, சரி. அதுக்காக அது மேல பசி படலாமா?"

"அடி ஆத்தே! அப்ப நீயும் குடுக்குறியா புள்ள?" என்று பேச்சியம்மா தூணைவிட்டுப் பாய்ந்து வந்தார். அவர் முந்தானை முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது. நெத்தலி வாசம் விறாந்தை முழுக்க அடித்தது. "நான் மட்டும்தான்னு நெனச்சி, புள்ள பட்டினி கெடக்குதேன்னு தெனமும் ரெண்டு தரம் வந்தேனே!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? என் கை, எனக்குத் தெரியாமல், கால்சட்டைப் பையிலிருந்து பணிஸ் துண்டோடு பாதி வெளியே வந்திருந்தது.

"தாழ்ப்பாள் பார்க்க வந்தேன்" என்றேன்.

ஹாஜியார் இதற்குள் முழுதாக எழும்பி நின்றுவிட்டார். தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அவர் எதுவும் சொல்வதற்கு முன், அவருடைய இடுப்புச் சாரத்து மடிப்பிலிருந்து மாரி பிஸ்கட் ஒன்று நழுவி, தரையில் விழுந்து, வட்டமாக உருண்டு, கிரேட்டுக் கம்பியில் முட்டிப் படுத்தது. குட்டி நாக்கை நீட்டி அதை உள்ளே இழுத்துக்கொண்டது. பழகின நாக்கு.

ஜெஸீமா கணவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "ஒவ்வொரு நாளும் சோறு தின்டுட்டு, மேல தண்ணி டாங்கி பாக்கப் போற, டாங்கி பாக்கப் போறன்டு சென்னது இதுக்கா?"

"டாங்கியும் பாத்தேன்" என்றார் ஹாஜியார், கீழே பார்த்துக்கொண்டு. "தூங்கணும்தானே. ரெண்டு பிஸ்கட் குடுத்தா அது தூங்கிடும். நானும் தூங்குவேன். வேற ஒண்டும் இல்ல."

அழகமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு வாரமா நான் முறைப்படி பாடுபட்டா, நீங்க எல்லாரும் சேர்ந்து முதுகுக்குப் பின்னால... ஒரு மனுஷன் கூடவா இந்த ரோட்டுல கட்டுப்பாடா இல்ல?"

"இருங்க" என்றார் பாலாம்பிகை. பையைக் கீழே வைத்துவிட்டுக் கணவருக்குப் பக்கத்தில் வந்தார். "தெனமும் காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு, குடை மறந்துட்டேன், கண்ணாடி மறந்துட்டேன்னு திரும்பி ஓடினீங்களே. உங்க ஆபீஸ் சட்டைப் பையில எண்ணெய்க் கறை போகவே மாட்டேங்குது. கடலை வடையை யாருக்குக் கொண்டு போனீங்க?"

மனிதர் வாயைத் திறந்தார். மூடினார். ஆயுளில் முதல் தடவையாக அவரிடம் முறை ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அந்த இனத்துக்கு அப்படி நீண்ட நேரம் இருக்க முடியாது. மூச்சுத் திணறும்.

"அது... அது அழுகாதப்ப குடுத்தது" என்றார்.

முதலில் சிரித்தவர் ஹாஜியார். கதிரையில் மறுபடி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "கலஹாவுக்கு அனுப்பினா நாங்க அஞ்சாறு பேரும் பின்னால கலஹாவுக்கு நடக்கணும் போல. இங்கயே ஈக்கட்டும். ஆனா ஒரு விஷயம். பகல் சாப்பாட்டுக்குப் பொறகு வாரது நான். வேற ஒருத்தரும் அந்த நேரத்துல வரப்படா."

பாலாம்பிகை அதைக் கேட்டு முடிக்கவில்லை. கிரேட்டுக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுவிட்டார். குட்டி வெளியே வரவில்லை. அதற்கு வெளியே என்ன வேலை? எல்லாம் உள்ளேதானே வருகிறது. அவர்தான் விறாந்தைத் தரையில் சேலையோடு உட்கார்ந்து, பாதி உடம்பைக் கம்பிக்குள் விட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"பாருங்க, பாருங்க!" என்று துள்ளினார் அழகமுத்து. "கதவு திறந்திருக்கு, வெளிய வருதா? வரல்லையே! சொந்த வீடா நெனச்சிருச்சு! நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

சொன்னார்தான். யார் மறுக்க முடியும்?

இப்போது பேச்சியம்மா காலையில், நான் பத்து மணிக்கு, ஹாஜியார் பகலுக்கு, ஜெஸீமா உடுப்பு காயும்போது. ஒழுங்காக நடக்கிறது. யாராவது பிந்தினால் ஓர் 'ஊம்' வரும். நாங்கள் பிந்துவதில்லை. கிரேட்டை நான் ஒரு தடவை பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டேன். அழகமுத்து போன வாரம் வத்தேகமவுக்குப் போய், அங்கே நாய் வாங்கியிருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கு அரைநாள் வகுப்பெடுத்துவிட்டு வந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதை வாசித்து வரும்போது, 'முதல் நாளே தாழ்ப்பாளைப் போட்டதுதான் பிழை, கதவைத் திறந்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருக்க வேண்டும்' என்று உங்களுக்கு எங்கேயாவது ஓரிடத்தில் தோன்றியதா? நாய்க்கு ரஸ்க் கொடுப்பது நல்லதல்ல என்று? நெத்தலியில் உப்பு கூட என்று? பக்கத்தில் இருந்தவரைத் தட்டிக் கூப்பிட்டு அதைச் சொன்னீர்களா?

சொல்லியிருந்தாலும் பயப்படாதீர்கள். இந்த முறைப்படி வியாதி வந்தவருக்கு வலிக்கவே வலிக்காது. கூட இருக்கிறவர்களுக்குத்தான்.